கால்வாய்க் கரையில் நடக்கலாம், மிதிக்கலாம்: வாசகர் கேள்வி - பதில்

பழைய கால்வாய்க் கரைகளை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டுத் தொண்டி முதல் சாயல்குடி வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, பதிலோடு தருகிறோம்.

அமெரிக்காவில் கால்வாய் ஓரமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறதாமே. ஏன் கால்வாய் ஓரமாகப் போட்டார்கள்? சாலை ஓரத்தில் போட்டால் ஆகாதா?
- தொண்டி வாசகர்

அந்தப் பாதையை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. கால்வாய் வெட்டிய காலத்திலேயே அது இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் எரி கால்வாயை 1817இல் வெட்டத் தொடங்கி 1825இல் திறந்தார்கள். ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 584 கிலோமீட்டர் நீளம், 40 அடி அகலம், 4 அடி ஆழம். படகுகளுக்கு எஞ்சின் கிடையாது. கரையில் கோவேறு கழுதைகள் நடந்து நீளக் கயிற்றால் படகை இழுத்துப் போகும். அவை நடக்கச் சுமார் 10 அடி அகலத்தில் ஒரு தடம் விட்டிருந்தார்கள். ரயிலும் எஞ்சின் படகும் வந்தபின் கயிறு போனது, கழுதை போனது, தடம் மட்டும் மிஞ்சியது. இன்றைய நடைபாதையில் பெரும்பகுதி அந்தத் தடத்தின் மேலும், கால்வாயை ஒட்டிக் கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேலும் போகிறது.

அந்தப் பாதையின் பெரிய சிறப்பு, அது மட்டமாக இருப்பது. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டுமானால் கால்வாய் மட்டமாக இருந்தாக வேண்டும், கரையும் அப்படியே. நிலம் உயரும் இடத்தில் இரு முனையிலும் மதகுக் கதவு வைத்த தொட்டி ஒன்று கட்டி, அதில் தண்ணீர் நிரப்பிப் படகை ஒரேயடியாகச் சில மீட்டர் தூக்கிவிடுவார்கள். இந்தத் தொட்டிக்குப் பூட்டு என்று பெயர். அதன்பின் மறுபடி மட்டம்தான். வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் செசபீக்-ஒஹாயோ கால்வாய்க்கு 297 கிலோமீட்டர் நீளம், 74 பூட்டுகள். மொத்த ஏற்றம் 605 அடிதான். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட ஏறவில்லை. எழுபது வயதுக்காரரும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாதையில் போக முடிவது இதனால்தான். சாலை ஓரப் பாதைக்கு இந்த மட்டம் வாய்ப்பது அரிது, வண்டிப் புகையும் இரைச்சலும் வேறு.

பாதை தானாகப் பிழைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1924 வெள்ளத்தோடு செசபீக்-ஒஹாயோ கால்வாயில் படகுப் போக்குவரத்து நின்றது. பிறகு அதன் தடத்தில் கார் சாலை போடும் யோசனை வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு முழு நீளமும் நடக்கப் புறப்பட்டார். 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

நம் கடற்கரையில் அப்படி ஏதாவது பழைய கால்வாய் உண்டா?
- பெரியபட்டினம் வாசகி

படகு விட்ட கால்வாய் நம் பக்கம் இல்லை. ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தோடு முடிகிறது. வேதாரண்யம் கால்வாய் நாகப்பட்டினம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பாம்பன் வாய்க்கால் இயற்கையான நீரிணை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் போக ஆழப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்குக் கரைத்தடம் என்று எதுவும் கிடையாது.

நம்மிடம் இருப்பவை பாசனக் கால்கள். சேதுபதிகள் காலத்து ரகுநாத காவேரி, நாராயண காவேரி, கூத்தன் கால் ஆகிய பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். இவை போக, கண்மாய்க்குக் கண்மாய், தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் மிஞ்சியதை வெளியேற்றும் மறுகாலும் உண்டு. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுந்து, மிஞ்சியது ஆற்றங்கரை அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. இந்தக் கரைகளும் மட்டமானவைதான். தண்ணீர் அரிக்காமல் மெல்ல ஓட வேண்டும் என்பதால் வாட்டம் (சரிவு) மிகக் குறைவாக வைத்தே வெட்டினார்கள். ஊர்மக்கள் இன்றும் குறுக்குவழியாக அந்தக் கரைகளில்தான் நடக்கிறார்கள்.

அமெரிக்கக் கரைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. செசபீக்-ஒஹாயோ கால்வாயில் பெரும்பகுதி வறண்டு புதர் மண்டிக் கிடக்கிறது. நம் கால்களில் வருஷத்தில் சில வாரங்களாவது தண்ணீர் வருகிறது, அந்தச் சில வாரத் தண்ணீரை நம்பித்தான் ஊரே இருக்கிறது. அதனால் இங்கே பாதை போடுகிற ஒவ்வொரு முடிவிலும் கரையின் பலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்களெல்லாம் இதை வைத்தே எழுதப்பட்டவை.

எங்கள் ஊர் வரத்துக்கால் கரையில் 1 கிலோமீட்டருக்கு நடைபாதை போட இளைஞர் மன்றம் முன்வந்திருக்கிறது. எப்படித் தொடங்குவது, என்ன பொருள், எவ்வளவு?
- தேவிபட்டினம் சாலையோரக் கிராமத்து வாசகர்

முதலில் கரை யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணும் வரைபடமும் வாங்கிக்கொண்டு, ஊராட்சித் தீர்மானத்தோடு உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். உவர்நீர் ஏறி இறங்கும் ஓடையை ஒட்டியோ, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ வந்தால் கடலோர ஒழுங்காற்று மண்டல அனுமதி பற்றியும் கேட்க வேண்டும். பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை. வாய்மொழியாகச் சரி என்றதை நம்பி ஜேசிபியை இறக்காதீர்கள்.

அடுத்தது சீமைக் கருவேலம். கெட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தரை மட்டத்தோடு வெட்டினால் ஒரே மழையில் நாலு கிளையாகத் துளிர்த்துவிடும், ஏனென்றால் துளிர்க்கும் கண்கள் தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கின்றன. அதற்காக ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினால், கரையில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழும். மண்ணைச் சும்மா தள்ளி மூடிவிட்டால் அடுத்த தண்ணீருக்கு அங்கேதான் கசிவு எடுக்கும். கரைமேல் இருக்கும் மரத்தை வெட்டியபின், அடிக்கட்டையைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டி, தரைக்குக் கீழே சுமார் 30 செ.மீ. வரை வேர்க்கழுத்தை அறுத்து எடுங்கள். குழியைக் களிப்பு கலந்த கரை மண்ணால் 15 செ.மீ. அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு (இடிகட்டை) போட்டு இடியுங்கள். மண்ணின் ஈரப் பதம் கையில் தெரியும்: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உள்ளங்கை நனைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் போதவில்லை. எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் பட்டால் அவற்றையும் கடைசி வரை தோண்டி இதே மாதிரி அடையுங்கள்.

கரையின் தலைமட்டத்தை ஓர் இடத்தில்கூடச் செதுக்கிக் குறைக்காதீர்கள். மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தை உயர்த்துங்கள். மேட்டைச் சீவினால் வெள்ளம் வரும் நாளில் அந்த இடத்தில்தான் கரை மேவி உடைப்பெடுக்கும்.

அகலம் 3 மீட்டர் கிடைத்தால் நல்லது. நடப்பவர், எதிரே சைக்கிள், இரண்டும் தாராளமாகப் போகும். கரை குறுகலென்றால் 1.8 மீட்டர் போட்டு, 50 மீட்டருக்கு ஓரிடத்தில் 2.5 மீட்டராக அகட்டி ஒதுங்குமிடம் விடுங்கள். பாதையின் இரு விளிம்பிலும் 60 செ.மீ. வெறுங்கரை இருக்கட்டும். விளிம்பு வரை பாதை போட்டால் ஒரு சக்கரம் வழுக்கினாலே ஆள் தண்ணீரில்தான்.

மேற்பரப்புக்கு 6 மி.மீ.க்கு உட்பட்ட கிரஷர் தூள் (கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கல்தூள்) போதும். எரி கால்வாய்ப் பாதையில் பெரும்பகுதி இந்த வகைக் கல்தூள்தான். எம்-சாண்ட் வாங்காதீர்கள். அதைக் கழுவி மாவை எடுத்துவிடுகிறார்கள், இறுகப் பிடிப்பதே அந்த மாவுதான். கடல் மணல் எத்தனை முறை உருட்டினாலும் பிடிக்காது. செம்மண் சரளை முதல் வருஷம் அழகாக இருக்கும், மழையில் வழுக்கும்.

கணக்கு இதோ. 3 மீட்டர் அகலம், இறுகியபின் 10 செ.மீ. கனம், 1 கிலோமீட்டர் நீளம் என்றால் 300 கன மீட்டர். தளர்வாக வரும் தூள் இறுகும்போது சுருங்குவதால் 30 சதவீதம் கூட்டி 390 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக, சுமார் 138 யூனிட். லாரிகளைக் கரைமேல் ஏற்றாதீர்கள். கீழே கொட்டி டிராக்டரில் பாதிப் பாரமாகக் கொண்டுபோங்கள். தூளை 6.5 செ.மீ. வீதம் இரண்டு அடுக்காகப் பரப்பி, தெளித்து நனைத்து, ஒரு டன் சிறு ரோலரால் உருட்டுங்கள். பழைய கல்மடை இருக்கும் கரையில் பெரிய அதிர்வு ரோலர் கூடவே கூடாது. சுண்ணாம்புக் காரை விட்டுப்போய் மடை கசியும்.

வாட்டம் 2 சதவீதம். கண்மாய்க் கரையாக இருந்து உட்புறம் அலைகல் (அலை அரிக்காமல் தடுக்கும் கல்) பதித்திருந்தால், முழு அகலத்தையும் தண்ணீர்ப் பக்கமாகவே சாய்த்துவிடுங்கள்: 3 மீட்டருக்கு 6 செ.மீ. வெளிச்சரிவில் அலைகல் இல்லாததால், மழைநீர் அந்தப் பக்கம் இறங்கினால் கரையை அரிக்கும். 3 மீட்டர் நேர்ச்சட்டமும் ரசமட்டமும் வைத்து 10 மீட்டருக்கு ஒருமுறை சரிபாருங்கள், கண்மட்டத்தை நம்ப வேண்டாம்.

மடை இருக்கும் இடத்தில் ஷட்டர் திருப்புகிற ஆள் நிற்க இடம் விட்டுப் பாதையை ஒதுக்குங்கள். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் பாதை போகக் கூடாது. நடக்க வசதியாக இருக்கும் என்று கலுங்கை ஒரு வரிசைக் கல் உயர்த்துவது ஊரையே மூழ்கடிக்கும் வேலை. கலுங்குக்குக் கீழே இறங்கி ஏறுகிற மாதிரிச் சரிவு அமைத்து, மறுகால் போகும் நாள்களில் இரு பக்கமும் சங்கிலி கட்டி மூடிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

ஊராட்சியில் பேவர் பிளாக் பதித்துத் தருகிறேன் என்கிறார்கள். அதுவே நல்லதுதானே?
- அதே கிராமத்திலிருந்து இன்னொரு வாசகர்

கரைமேல் வேண்டாம். புதிதாக அடைத்த கரை இரண்டு மூன்று வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். கல்தூளில் ஒரு கூடை கொட்டிச் சரிசெய்துவிடலாம். பேவர் பிளாக்கில் பல் பல்லாகத் தூக்கி நிற்கும், சைக்கிளும் தடுக்கும் காலும் தடுக்கும். இதைவிட முக்கியம், அடியில் கசிவோ எலி வளையோ இருந்தால் கல் மூடி மறைத்துவிடும், உடைந்த பிறகுதான் தெரியும். ஊருக்குள் நுழையும் முனையில் 20, 30 மீட்டர் பதித்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டிய உவர் மண்ணில் கம்பி கட்டிய கான்கிரீட்டும் நிலைக்காது, உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்து வெடிக்கும்.

கிரஷர் தூள் போட்டுத்தான் பாதை அமைத்தோம். ஐப்பசி மழையில் நடுவிலே வாய்க்கால் மாதிரி அரித்துவிட்டது. எங்கே தவறு?
- திருப்புல்லாணி வாசகர்

நீங்கள் அனுப்பிய படத்தில் அரிப்பு பாதையின் நீளவாக்கில் ஓடுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பக்க வாட்டம் இல்லாதது. மழைநீர் பக்கவாட்டில் இறங்க வழியில்லாமல், மோட்டார் சைக்கிள் ஓடிய தடத்தில் சேர்ந்து, அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. நம் மாவட்டத்தில் வருஷ மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே வாட்டத்தில் ஒரு செ.மீ. குறைந்தாலும் இங்கே உடனே தெரியும்.

உலர்ந்த தூளை அப்படியே உருட்டியிருந்தாலும் இதே கதிதான். பார்க்க இறுகினது போல இருக்கும், மேல் ஓடு மட்டும் பிடித்திருக்கும். ஒரு கம்பியை ஊன்றிப் பாருங்கள். சுலபமாக ஒரு சாண் இறங்கினால் உள்ளே தளர்வு.

அரித்த பள்ளத்தில் மேலே தூளைக் கொட்டி நிரப்பாதீர்கள், அடுத்த மழையில் அதுதான் முதலில் போகும். பள்ளத்தின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு 8 செ.மீ. ஆழம் கிளறிவிட்டு, நனைத்து, புதுத் தூள் சேர்த்து, மறுபடி வாட்டத்தோடு உருட்டுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு கை வைத்தால் இன்னும் கெடும்.

நிழலுக்குக் கரையில் மரம் நடலாமா?
- உச்சிப்புளி வாசகி

கரையின் தலையிலும் உட்சரிவிலும் நடக்கூடாது. பெரிய மரம் பட்டுப்போனால் வேர் மக்கிக் கரைக்குள் குழாய் மாதிரி ஓட்டை விடும். வெளிச்சரிவின் அடியில் பனை வைக்கலாம். பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர் மண்ணைக் கட்டிப் பிடிக்கும். ஆவணி, புரட்டாசியில் 3 மீட்டர் இடைவெளியில் கொட்டை ஊன்றுங்கள். பூவரசும் புங்கையும் வேண்டுமானால் கரையடியிலிருந்து 3 மீட்டர் தள்ளி. எல்லாவற்றையும் ஒரே இனமாக நடாதீர்கள். பிரான்சில் 1681இல் முடிந்த மிடி கால்வாயின் கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் வரிசையாக நின்றன. 2006 முதல் ஒரு பூஞ்சைநோய் பிடித்து, ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டியதாயிற்று.

சக்கர நாற்காலி வர வேண்டும், மோட்டார் சைக்கிள் வரக் கூடாது. நுழைவாயிலை எப்படி அமைப்பது?
- கீழக்கரை வாசகர்

சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும், இதற்குத் தடுப்பு மட்டும் தீர்வாகாது. கார், டிராக்டரைத் தடுக்கக் கற்கால்களை (குட்டைக் கல்தூண்களை) 1.5 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். எப்போதும் ஒற்றைப்படையில் நடுங்கள். இரண்டு கால் நட்டால் நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி எதிரெதிர்ச் சைக்கிள்கள் இரண்டும் வரும். காலில் வெள்ளைப் பட்டை அடித்து, இருட்டில் ஒளிரும் ஒட்டியும் ஒட்டுங்கள். கரைமேல் ஏறும் சரிவு 1:12க்கு மேல் போகக் கூடாது. கரை 2 மீட்டர் உயரம் என்றால் சரிவு 24 மீட்டர் நீளம் வேண்டும், நடுவே நாற்காலி நின்று இளைப்பாற 1.5 மீட்டர் மட்டமான திட்டுகளும் வேண்டும்.

மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, வயலுக்கு உரமூட்டை கொண்டு போகிற சம்சாரிக்கு அந்தக் கரைதான் வழி என்றால் அவரைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஒரே வாரத்தில் கல்லைப் பிடுங்கிவிடுவார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலை 5 முதல் 8 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் வண்டி வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்துகொள்வதுதான் நடைமுறையில் நிற்கும்.

ஆட்டுக்கிடை எதிரே வந்தால் என்ன செய்வது? மணி அடித்தால் சிதறி ஓடுகின்றன.
- சாயல்குடி வாசகர்

மணி அடிக்க வேண்டாம். 20 மீட்டர் தள்ளியே இறங்கி, சைக்கிளைத் தண்ணீர்ப் பக்கமாக வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஆடு மிரண்டால் வெளிச்சரிவில் இறங்கும், தண்ணீரில் விழாது. ஆட்டுக்காரர் குரல் கொடுத்து ஓட்டிச் செல்ல இரண்டு நிமிடம் ஆகும். பொதுவான முறை இது: சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இருவரும் கால்நடைக்கு வழிவிட வேண்டும்.

காலையில் 40 கிலோமீட்டர் சைக்கிள் போய் வர ஆசை. எந்தத் திசை, எவ்வளவு தண்ணீர்?
- மண்டபம் வாசகர்

மட்டமான நிலத்தில் காற்றுதான் ஏற்றம். ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். அப்போது மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் பக்கம் போவது எதிர்க்காற்று. களைப்பில்லாத முதல் 20 கிலோமீட்டரை அந்தப் பக்கம் முடித்துவிட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கணக்கு தலைகீழ். போகும்போது சுலபமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள். எரி கால்வாய்க்காரர்களும் இதே காரணத்தால்தான் மேற்கே பஃபலோவில் தொடங்கிக் கிழக்கே ஆல்பனிக்கு மிதிக்கச் சொல்கிறார்கள், அங்கே மேலைக்காற்று.

விடிவதற்கு முன் புறப்பட்டு 9 மணிக்குள் வீடு சேருங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உடம்பு சூடு இறங்காது. மணிக்கு அரை லிட்டர் குறைந்தபட்சம், பங்குனிக்குப் பிறகு முக்கால் லிட்டர். கரையோரக் கிணறுகள் பல உப்பு, நடுவழியில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு: நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

முள்ளால் வாரம் இரண்டு பஞ்சர். வழி உண்டா?
- முதுகுளத்தூர் சாலை வாசகர்

உங்கள் பகுதியில் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய கிளையைக் கரை வழியாக இழுத்துப் போகும்போதுதான் முள் உதிர்கிறது. இழுக்காமல் வண்டியில் ஏற்றச் சொல்லிப் பேசிப் பாருங்கள், பாதி குறையும். டயரில் 38 முதல் 40 மி.மீ. அகலம் வைத்து, 65 கிலோ ஆளுக்கு 40 பிஎஸ்ஐ அளவில் காற்று அடியுங்கள். பழைய டியூபை நீளவாக்கில் கீறி, வால்வை வெட்டி எறிந்துவிட்டு, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் பட்டையாக வையுங்கள். செலவில்லாத வேலை, சிறு முள்ளெல்லாம் நிற்கும். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் நம் வெயிலில் சில மாதங்களில் கெட்டியாகிவிடும், அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

ஒட்டிய இடத்திலேயே மறுபடி பஞ்சர் ஆகிறதென்றால் முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து நிற்கிறது. வெறும் விரலை ஓட்டாதீர்கள். ஒரு துணியை உருட்டி டயரின் உட்புறம் சுற்றித் தேய்த்துப் பாருங்கள், நூல் மாட்டும் இடத்தில் முனை இருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளினால் வராது. குறட்டால் வந்த பக்கமாகவே இழுங்கள்.

சக்கரக்கோட்டை கண்மாய்ப் பக்கம் பறவை பார்க்கப் போக வேண்டும். கரையில் எந்த அளவு நெருங்கலாம்?
- ராமநாதபுரம் கல்லூரி மாணவி

சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே சேர்ந்துவிட்டன. கூடு கட்டும் பருவத்தில் எத்தனை மீட்டர் என்பதைவிடப் பறவையின் நடத்தையைப் பாருங்கள். தலையைத் தூக்கி எல்லாம் ஒரே திசையில் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். எழுந்து பறந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கூட்டை விட்டுத் தாய் எழுந்தால் வெயிலில் குஞ்சு தாங்காது, காக்கையும் பருந்தும் காத்துக்கொண்டிருக்கும். 8 x 42 பைனாகுலர் ஒன்று போதும். டிரோன் கூடாது. கரையை விட்டு உள்வாயில் (கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பகுதியில்) இறங்காதீர்கள். கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலை நல்ல நேரம், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள மேற்கு நோக்கிப் பார்க்கிற கரையாகத் தேர்ந்தெடுங்கள்.

மகன் வாஷிங்டன் அருகே இருக்கிறான். எங்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தக் கால்வாய்ப் பாதையில் நாங்களும் போக முடியுமா?
- ராமேஸ்வரம் தம்பதி

தாராளமாக. 297 கிலோமீட்டரும் போக வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனில் தொடங்கி கிரேட் ஃபால்ஸ் வரை சுமார் 23 கிலோமீட்டர். பூட்டுகளும் பூட்டுக்காவலர் வீடுகளும் அடுத்தடுத்து வரும், மகனைக் காரோடு அந்த முனையில் நிற்கச் சொல்லலாம். சைக்கிளை வாடகைக்கு எடுக்கும்போது அகலமான டயர் கேளுங்கள், பாதை மண்ணும் கல்லும்தான். மழை பெய்த மறுநாள் சேறாக இருக்கும், ஒரு நாள் விட்டுப் போங்கள்.

அங்கே எல்லாம் வலப்பக்கம். நாம் பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்குவோம், முந்துகிறவர் வருவதும் அந்தப் பக்கம்தான். பின்னால் மணியோ குரலோ கேட்டால் வலது ஓரத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பினால் கைப்பிடியும் கூடவே திரும்பும். சைக்கிளுக்கு வேக எல்லை மணிக்கு 24 கிலோமீட்டர், நீங்கள் அதில் பாதி வேகத்தில் போனாலே போதும்.

ஓரத்தில் மும்மூன்று இலையாகப் படரும் கொடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஐவி, தோல் கொப்பளித்து இரண்டு மூன்று வாரம் படுத்தும். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் இரவு உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள் வரை பார்த்துவிடுங்கள். வழியில் கூடாரம் போடும் இடங்களில் கைப்பம்பு இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். சித்திரைக்குப் பின் புரட்டாசிக்குள் போவது நல்லது. மேல்பகுதியில் பா பா சுரங்கம் வரை காரில் போய் அதை மட்டும் நடக்கவும் செய்யலாம். 950 மீட்டர் நீளம், உள்ளே விளக்கு கிடையாது, தரை மேடு பள்ளம். ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி போங்கள். வெள்ளத்துக்குப் பின் சில பகுதிகளை மூடுவது வழக்கம், புறப்படும் அன்று காலை பூங்காவின் இணையதளத்தை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.